ஜட்ஜையும் ஓட்டு போட்டே தேர்ந்தெடுத்தா என்ன?

கேள்வி: 2025 ஏப்ரல் 2, காலை

டெல்லில ஒரு ஹைகோர்ட் ஜட்ஜு பங்களாவுல தீப்பிடிச்சு, எரிஞ்ச நோட்டுக்கட்டு கிடந்துச்சுன்னு வீடியோவே வந்துருச்சு. அவரு எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லங்கறாரு. சரி, நடவடிக்கை என்ன? டிரான்ஸ்பர், அப்புறம் அவங்களுக்குள்ளயே ஒரு விசாரணைக் கமிட்டி. நியமிக்கறதும் அவங்க, விசாரிக்கறதும் அவங்க. நேத்து அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்தோட சுப்ரீம் கோர்ட் ஜட்ஜுக்கே எலெக்‌ஷன் நடந்திருக்கு. அந்த மாதிரி நம்மூர்லயும் வச்சா என்ன கெட்டுப்போகும்? அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை ஜனங்க முன்னாடி வந்து கும்பிடு போடட்டும். அமெரிக்காவுல இருக்கறவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஏப்ரல் 2, ராத்திரி

நான் ஹூஸ்டன், ஹாரிஸ் கவுண்டி (கவுண்டின்னா நம்மூர் மாவட்டம் மாதிரி). நீங்க கேக்கறது எங்க டெக்சாஸ்ல 1876 அரசியல் சட்டத்துலயே இருக்கு. கீழ இருக்கற குட்டி கோர்ட்ல இருந்து மேல வரைக்கும் கிட்டத்தட்ட எல்லாமே ஓட்டுதான், அதுவும் கட்சி சின்னத்தோட. இங்க மேல் கோர்ட்டே ரெண்டு, சிவிலுக்கு சுப்ரீம் கோர்ட், கிரிமினலுக்கு கோர்ட் ஆஃப் கிரிமினல் அப்பீல்ஸ், ஒவ்வொன்னுலயும் 9 பேரு.

நவம்பர்ல பூத்துக்குள்ள போனா பிரசிடென்ட், செனட்டர் எல்லாம் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிரும். அப்புறம் ஆரம்பிக்கும் பாருங்க, இத்தனாவது டிஸ்ட்ரிக்ட் கோர்ட், ஃபேமிலி கோர்ட், உயில் கேஸ் பாக்கற ப்ரொபேட் கோர்ட், கவுண்டி கிரிமினல் கோர்ட் நம்பர் ஒன்னு, நம்பர் ரெண்டுன்னு ஸ்க்ரீன் ஸ்க்ரீனா ஓடிக்கிட்டே இருக்கும், அம்பது அறுபது ஜட்ஜுப் பேரு, ஒருத்தரையும் நேர்ல பாத்ததில்ல. போனை எடுத்து கூகுள் பண்ணவும் முடியாது, பூத்துல போனே கூடாதுன்னு சட்டம். பேப்பர்ல எழுதிட்டுப் போலாம். அதனால நாங்க முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜைல சாம்பிள் பேலட்டைப் பிரிண்ட் எடுத்து, ஹூஸ்டன் பார் அசோசியேஷன் வக்கீல்கள்கிட்ட எடுக்கற கருத்துக்கணிப்பைப் பாத்து பாத்து டிக் போடுவோம், பாதில தூக்கம் வந்துரும், மீதிக்கு கட்சியைப் பாத்து டிக்.

விஸ்கான்சின் பத்தி நாளைக்கு.

ஏப்ரல் 3

விஸ்கான்சின். பேருக்கு கட்சி சார்பில்லாத தேர்தல், பேலட்ல கட்சி பேரே கிடையாது. ஆனா சூசன் க்ராஃபோர்ட் டெமாக்ரட் பக்கத்து ஆளு, ப்ராட் ஷிமெல் ரிபப்ளிகன் பக்கத்து ஆளுன்னு தெரியாத பால்காரன் கூட அந்த மாநிலத்துல இல்ல. ஒரே ஒரு ஜட்ஜு சீட்டுக்கு ரெண்டு பக்கமும் சேர்த்து சுமார் 10 கோடி டாலர் செலவு. ஈலான் மஸ்க் தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி க்ரீன் பே ஊர்ல மேடை ஏறி ரெண்டு பேருக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர் செக் குடுத்தாரு. நம்மூர்ல ராத்திரி கரன்ட் கட் பண்ணிட்டுக் கதவிடுக்குல கவர் சொருகுவாங்க, இங்க பேனர் சைஸ்ல செக் அடிச்சு போட்டோ. அவரு ஆதரிச்ச ஷிமெல் சுமார் 10 சதவீதப் புள்ளி வித்தியாசத்துல தோத்துட்டாரு, அது வேற விஷயம். அந்தப் பக்கமும் கோடீஸ்வரங்க குடுத்த காசுதான்.

2023ல அதே மாநிலத்துல ஜேனட் ப்ரோட்டசேவிச் நின்னாங்க. சட்டசபைத் தொகுதி மேப்பை வெட்டினதே மோசடின்னு பிரச்சாரத்துலயே சொன்னாங்க, ஜெயிச்சாங்க, அந்த வருஷம் டிசம்பர்ல மேப்பை 4-3ல கோர்ட் ரத்து பண்ணுச்சு. மேப்பைப் பாத்தா எனக்கும் மோசடின்னுதான் தோணுது. ஆனா கேஸ் வரதுக்கு முன்னாடியே தீர்ப்பை மைக்ல சொல்லி ஓட்டு வாங்கின ஆளு அந்த கேஸ்ல உக்காந்தா, எதிர்த்தரப்பு வக்கீல் எதுக்கு வாதம் பண்ணணும், நேரா வீட்டுக்குப் போயிரலாமே. அரசியல் கருத்தைச் சொல்லக் கூடாதுன்னு ஜட்ஜு வேட்பாளருக்கு இருந்த தடையை 2002லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 5-4ல எடுத்துருச்சு, மினசோட்டா கேஸ்ல. அதுக்கப்புறம்தான் இந்த வேகம்.

ஏப்ரல் 3, கொஞ்சம் கழிச்சு

கீழ ஒருத்தர் "டெக்சாஸ்ல கவுண்டி ஜட்ஜா ஒரு இந்தியரே இருக்காரே"ன்னு எழுதிருக்காரு. அது ஜட்ஜு வேலை மாதிரி இல்லங்க. பெரிய கவுண்டில "கவுண்டி ஜட்ஜ்"னா நிர்வாகத் தலைவர், கிட்டத்தட்ட கலெக்டரும் மேயரும் சேர்ந்த பதவி. புயல் வந்தா டிவில வந்து பேசறவர் அவர்தான். கோர்ட் பக்கம் தேடாதீங்க.

ஏப்ரல் 5

தேர்தல் வச்சா பொறுப்பு வரும்ங்கறவங்களுக்கு என்கிட்ட இருக்கற நல்ல உதாரணமும் இதுதான், கெட்ட உதாரணமும் இதுதான், அதனால நீளமாவே எழுதறேன்.

எங்க கவுண்டில சின்னச் சின்ன குற்றம், லைசென்ஸ் செல்லாம வண்டி ஓட்டறது, கடையில சில்லறைத் திருட்டு மாதிரி, இதுக்குன்னு 16 கிரிமினல் கோர்ட் இருக்கு, 16 ஜட்ஜும் ஓட்டுல வந்தவங்க. கைதானவுடனே ஒரு அட்டவணையைப் பாத்து ஜாமீன் தொகை. காசிருந்தா அன்னிக்கே வீடு, இல்லாட்டி உள்ள. லைசென்ஸ் விஷயத்துல மாட்டின ஒரு அம்மா 2,500 டாலர் கட்ட முடியாம உள்ள கிடந்தாங்க, சின்னக் குழந்தை இருக்கறவங்க. அவங்க பேர்ல 2016ல ஃபெடரல் கோர்ட்ல, அதாவது மத்திய அரசோட கோர்ட்ல, கேஸ் போட்டாங்க. உள்ள கிடக்கறவன் ரெண்டு வாரத்துல வேலை போயிரும்னு பயந்தே பண்ணாத குத்தத்தை ஒத்துக்கிட்டு வெளிய வந்துருவான், இதுதான் அங்க நடந்துக்கிட்டிருந்தது. 2017 ஏப்ரல்ல ஃபெடரல் ஜட்ஜு லீ ரோஸன்தால், இது அரசியல் சட்டத்துக்கு விரோதம், ஏழைங்கறதுக்காக ஒருத்தரை அடைச்சு வைக்க முடியாதுன்னு தீர்ப்பு எழுதினாங்க.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. ரோஸன்தாலை யாரும் ஓட்டு போட்டு கொண்டு வரல. 1992ல அப்பா புஷ் நியமிச்சது, ஆயுசுக்கும் பதவி. ஜனங்க ஓட்டுல வந்த 16 பேர்ல 14 பேரு அந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் போனாங்க, செலவு எங்க வரிப்பணத்துல, மில்லியன் கணக்குல. எதிர்க்காம தனியா நின்னது ரெண்டே பேரு. ஒருத்தர் டெமாக்ரட் டாரல் ஜோர்டன், இன்னொருத்தர் ரிபப்ளிகன் மைக் ஃபீல்ட்ஸ். சொந்தக் கட்சிக்காரங்க எல்லாம் ஒருபக்கம் இருக்கும்போது, இந்த முறை தப்பு, சமரசம் பண்ணுவோம்னு சொன்ன மனுஷன் ஃபீல்ட்ஸ்.

2018 நவம்பர். அப்ப பேலட்ல மேல ஒரு கட்டம் இருக்கும், அதை அமுக்கினா கீழ இருக்கற எல்லாப் பதவிக்கும் அந்தக் கட்சிக்கே ஓட்டு விழுந்துரும். அன்னிக்கு டெமாக்ரட் அலை. ரிபப்ளிகன் ஜட்ஜுகள் 59 பேரு ஒரே ராத்திரில காலி. அப்பீல் போன ஜட்ஜுகளும் போயிட்டாங்க. புதுசா வந்தவங்க அப்பீலை வாபஸ் வாங்கி, 2019ல சமரச ஒப்பந்தம் போட்டு, ஜாமீன் முறை மாறிச்சு. பாருங்க, ஓட்டு வேலை செஞ்சுச்சு.

ஆனா மைக் ஃபீல்ட்ஸும் தோத்துட்டாரு. எதிர்த்து நின்னவங்களோட சேர்த்து, எதிர்க்காதவரையும் அதே பட்டன் தூக்கிருச்சு. அவரு என்ன பண்ணாருன்னு ஓட்டு போட்டவங்கள்ல நூத்துல ஒருத்தருக்குத் தெரிஞ்சிருந்தாலே எனக்கு ஆச்சரியம். அந்தப் பட்டனை 2020 தேர்தல்ல இருந்து எடுத்துட்டாங்க. ஜனங்க இப்ப அறுபது தடவை அமுக்கறாங்க, அதே கட்சிக்கு.

ஏப்ரல் 6

அதே 2018 தேர்தல் முடிஞ்ச மறுநாள் நடந்ததையும் சொல்லிடறேன், பேப்பர்ல வந்ததுதான். க்ளென் டெவ்லின்னு சிறார் கோர்ட் ஜட்ஜு, பசங்களைத் தூக்கி உள்ள போடறதுல பேர் போனவரு. முந்தின நாள் ராத்திரி தோத்துட்டாரு. காலைல கோர்ட்டுக்கு வந்து உக்காந்து, முன்னாடி கொண்டு வந்து நிறுத்தின பசங்க ஒவ்வொருத்தன்கிட்டயும், வெளிய போனா யாரையாவது கொலை பண்ணுவியான்னு கேட்டாரு. இல்லன்னவன் எல்லாம் கிளம்பு. கேஸை எல்லாம் ஜனவரி 4க்குத் தள்ளி வச்சாரு, புது ஜட்ஜு வந்து உக்காந்த அப்புறம் வர முதல் வெள்ளிக்கிழமை. ஜனங்க இதைத்தானே கேட்டாங்கங்கற வீம்பு.

சரி, அந்தப் பசங்களை வெளிய விடறது அன்னிக்கு சரின்னா, முந்தின வாரம் ஏன் உள்ள வச்சிருந்தாரு? இதை யாரும் அவர்கிட்ட கேக்கல. கேக்க வழியும் இல்ல, அவர்தான் போயிட்டாரே.

ஏப்ரல் 7

"நீங்க எப்படித்தான் முடிவு பண்றீங்க"ன்னு கேட்டவருக்கு: சொன்னேனே, டிக். எங்க வீட்டம்மாவுக்கு மட்டும் ஒரே ஒரு ஜட்ஜு விஷயத்துல உறுதியான கருத்து உண்டு. ஜூரி ட்யூட்டிக்கு, அதாவது கேஸைக் கேட்டு முடிவு சொல்ற பொதுஜனக் குழுவுல உக்கார, கூப்பிட்டுப் போனப்ப, பக்கத்துல ஒரு வயசான வியட்நாமிய அம்மாவுக்கு இங்கிலீஷ் சரியா வரல, கேள்வியை ஜட்ஜு மூணு தடவை வேற வேற மாதிரி மாத்திக் கேட்டாங்களாம், முகம் சுளிக்காம, அப்புறம் நன்றி சொல்லி அனுப்பி வச்சாங்களாம். அன்னில இருந்து அந்தம்மாவுக்குத்தான் ஓட்டு, எந்தக் கட்சியா இருந்தாலும். நான் அறுபது பேரைப் பத்திப் படிச்சு வச்சிருக்கறதைவிட அது உருப்படியான காரணம்னுதான் தோணுது.

கோயிலுக்கும் வருவாங்க. தீபாவளி சமயம் பியர்லாண்ட் மீனாட்சி கோயில் பக்கம் ஷெர்வானி போட்டுக்கிட்டு யாராவது வெள்ளைக்காரர் கை குலுக்கினா, அது பெரும்பாலும் ஏதோ ஒரு கோர்ட்டுக்கு நிக்கறவரு.

ஏப்ரல் 9

வக்கீல் நண்பர் ஒருத்தர்கிட்ட இந்த இழையைக் காட்டினேன். அவரு சொன்னது: "ஜட்ஜு பேர்ல நிதி திரட்டற விருந்துக்கு மெயில் வரும். நம்ம கேஸ் அவர்கிட்டதான் இருக்கும். போகாம இருக்க முடியுமா? எதிர் வக்கீல் போறான்ல." டெக்சாஸ்ல 1995ல ஒரு சட்டம் போட்டு ஜட்ஜுக்கு தனி ஆள் குடுக்கற நன்கொடைக்கு 5,000 டாலர் மாதிரி வரம்பு வச்சாங்க. அது பரவால்லனு சொல்ற அளவுக்கு மத்த இடம் இருக்கு. வெஸ்ட் வர்ஜீனியால 2004ல மாஸி நிலக்கரி கம்பெனி தலைவர் டான் ப்ளாங்கன்ஷிப், தன் கம்பெனி மேல 5 கோடி டாலர் நஷ்டஈட்டுத் தீர்ப்பு அப்பீலுக்குப் போற நேரத்துல, சொந்தக் காசு 30 லட்சம் டாலர் இறக்கி ப்ரென்ட் பெஞ்சமினை மேல் கோர்ட்டுக்கு ஜெயிக்க வச்சாரு. பெஞ்சமின் அந்த கேஸ்ல இருந்து விலக மாட்டேன்னுட்டு கம்பெனி பக்கமே ஓட்டு போட்டாரு. 2009ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட், நீ விலகியிருக்கணும்னு சொல்லுச்சு. அதுவும் 5-4. நாலு பேருக்கு அதுல தப்பு தெரியல.

ஏப்ரல் 11

ஃபீல்ட்ஸ் கதையை எழுதினதுல இருந்து மனசுல ஓடறது ஷேரன் கெல்லர் விஷயம். டெக்சாஸ் கிரிமினல் மேல் கோர்ட்டோட தலைமை ஜட்ஜா இருந்தவங்க. 2007 செப்டம்பர் 25. மைக்கேல் ரிச்சர்ட்னு ஒரு மரண தண்டனைக் கைதி, அன்னிக்கு ராத்திரி ஊசி. அன்னிக்குக் காலைலதான் விஷ ஊசி முறை செல்லுமாங்கற கேஸை வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட் விசாரணைக்கு எடுத்துக்கிச்சு, அதை வச்சு தடை வாங்கலாம்னு வக்கீலுங்க மனு தயார் பண்றாங்க, கம்ப்யூட்டர் மக்கர். கொஞ்ச நேரம் கோர்ட்டைத் திறந்து வைங்கன்னு கேட்டு போன் வருது. 5 மணிக்கு மூடிடுவோம்னு கெல்லர் சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ஆளை முடிச்சுட்டாங்க. விசாரணை வச்சாங்க, ஜட்ஜுகள் ஒழுங்கு கமிஷன் ஒரு எச்சரிக்கை குடுத்துச்சு, அதையும் 2010ல ஒரு சிறப்பு கோர்ட் ரத்து பண்ணிருச்சு. ஜனங்க? 2012ல ஜெயிக்க வச்சாங்க. 2018ல திரும்பவும்.

அப்புறம் எப்பத் தோத்தாங்க தெரியுமா? 2021ல அந்தக் கோர்ட் 8-1ல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு, மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசோட தலைமை வக்கீல்) தன் இஷ்டத்துக்கு தேர்தல் குற்ற கேஸ் நடத்த முடியாது, லோக்கல் பிராசிக்யூட்டர் கூப்பிடணும்னு. எட்டு பேரும் ரிபப்ளிகன், அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டனும் ரிபப்ளிகன். அவரு கறுவிக்கிட்டே இருந்து, 2024 மார்ச்ல கட்சி வேட்பாளர் யாருன்னு தீர்மானிக்கற உள்தேர்தல்ல அந்த எட்டுல தேர்தல் சந்திக்க வேண்டிய மூணு பேரு, கெல்லர், பார்பரா ஹெர்வி, மிஷெல் ஸ்லாட்டர், மூணு பேருக்கும் எதிரா ஊர் ஊராப் பிரச்சாரம் பண்ணி மூணு பேரையும் தோக்கடிச்சாரு.

5 மணிக்குக் கதவைச் சாத்தினது ஓட்டுல எடுபடல. சொந்தக் கட்சிக்காரனுக்கே அதிகாரம் இல்லன்னு சட்டத்தைப் படிச்சு எழுதினது எடுபட்டுச்சு. மிச்சம் இருந்த ஜட்ஜுகளுக்கு இதுல என்ன பாடம் கிடைச்சிருக்கும்னு நினைக்கிறீங்க?

ஏப்ரல் 12

"அப்ப ஒரு நல்லதும் இல்லியா"ன்னு ரெண்டு பேரு சண்டைக்கு வந்துட்டாங்க. இருக்கு. பக்கத்து ஃபோர்ட் பெண்ட் கவுண்டில 240வது டிஸ்ட்ரிக்ட் கோர்ட் ஜட்ஜு சுரேந்திரன் பட்டேல். காசர்கோடுக்காரரு, சின்ன வயசுல பீடி சுத்தினவரு, கோழிக்கோட்ல சட்டம் படிச்சு, இங்க வந்து திரும்ப பரீட்சை எழுதி வக்கீலானவரு. 2022ல ஏற்கனவே பதவில இருந்த ஜட்ஜை சொந்தக் கட்சி உள்தேர்தல்லயே தோக்கடிச்சு வந்தாரு. அவரை ஒரு கவர்னரோ சீனியர் ஜட்ஜுகளோ ரூமுக்குள்ள உக்காந்து தேடிப் பிடிச்சிருப்பாங்கன்னு நான் நம்பல. 2018ல எங்க கவுண்டில 19 கறுப்பினப் பெண்கள் சேர்ந்து ஒரே போட்டோல நின்னு ஜட்ஜு தேர்தல்ல இறங்கினாங்க, 17 பேரு ஜெயிச்சாங்க. கோர்ட்ல குற்றவாளிக் கூண்டு பக்கம் மட்டுமே கறுப்பு முகத்தைப் பாத்துப் பழகின ஊர்ல இது சின்ன விஷயமில்ல.

ஏப்ரல் 20

போட்டி இல்லாம "இருக்கட்டுமா, வேண்டாமா"ன்னு மட்டும் கேக்கற முறை பத்திக் கேட்டவருக்கு. அது மிசௌரி 1940ல ஆரம்பிச்சது, கமிட்டி பேரு குடுக்கும், கவர்னர் நியமிப்பாரு, அப்பப்ப ஜனங்ககிட்ட ஆமா-இல்ல ஓட்டு. கேக்க அழகா இருக்கு. அயோவால அதான் முறை. 2009ல ஒருபாலினத் திருமணம் செல்லும்னு ஏழு ஜட்ஜும் ஒருமனசா தீர்ப்பு சொன்னாங்க. 2010ல மூணு பேரோட பேரு ஓட்டுக்கு வந்துச்சு, மூணு பேரும் வீட்டுக்குப் போனாங்க. தீர்ப்பு அப்படியே இருந்துச்சு, போனது ஆளுங்க மட்டும். ஜப்பான்ல இதே ஆமா-இல்ல 1949ல இருந்து நடக்குது, இன்னி வரைக்கும் ஒருத்தர் கூடப் போகல. ஒன்னு எதுக்கும் போக மாட்டாங்க, இல்ல சரியான தீர்ப்புக்குப் போவாங்க போல.

ஜூன் 4

மெக்சிகோ பாத்தீங்களா. ஜூன் 1 ஞாயித்துக்கிழமை நாடு முழுக்க ஜட்ஜு தேர்தல், சுப்ரீம் கோர்ட் உட்பட. ஓட்டு போட வந்தது சுமார் 13 சதவீதம். கலர் கலரா பேலட், கட்டத்துக்குள்ள வேட்பாளர் நம்பரை எழுதணும். யாரு யாருன்னே தெரியாததால பிட்டுப் பேப்பர் அச்சடிச்சு விநியோகம், எந்தக் கலர்ல எந்த நம்பர்னு. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஜெயிச்ச 9 பேரும் அந்தப் பிட்டுல இருந்தவங்களாம். நானும் பேப்பர் எடுத்துட்டுதான் போறேன், ஆனா அதை நானே உக்காந்து எழுதறேன்ல.

தலைமைக்கு வந்தவரு ஊகோ அகிலார், மிஸ்டெக் பழங்குடி வக்கீல். பழைய முறைல அவரும் வந்திருக்க மாட்டாரு. பாருங்க, இந்தத் தலைவலி எங்க போனாலும் கூடவே வருது.

ஜூன் 8

"அப்ப நம்ம சிஸ்டமே தேவலாம்னு சொல்றீங்க"ன்னு ஒருத்தர். நான் எங்கங்க சொன்னேன்? 1993 மே மாசம் ஞாபகம் இருக்கறவங்க இருக்கீங்களா. மெட்ராஸ் ஹைகோர்ட்ல இருந்து போய் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜான வி. ராமசாமி மேல லோக்சபாவுல பதவி நீக்கத் தீர்மானம். சண்டிகர்ல தலைமை நீதிபதியா இருந்தப்ப அரசு பங்களாவுக்குப் பண்ணின செலவு பத்தி, விசாரிச்ச கமிட்டியே குற்றச்சாட்டுல பெரும்பாலானது உண்மைன்னு சொல்லிருச்சு. அவருக்காக கபில் சிபல் சபைல வந்து வாதாடினாரு. ஆதரவா 196 ஓட்டு, எதிர்த்து ஒருத்தர் கூட இல்ல, காங்கிரஸும் கூட்டாளிகளும் 205 பேரு கையைத் தூக்காம உக்காந்திருந்தாங்க. தீர்மானம் தோல்வி. எங்கப்பா வாழ்நாள் முழுக்க அரசாங்க வேலை பாத்தவரு, பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "நான் ஒரு ஸ்டேஷனரி பில்லுக்கு மெமோ வாங்கினேன்டா"ன்னாரு.

அதனால கேள்வி கேட்ட தம்பி கோவத்துல எனக்கு ஒரு சண்டையும் இல்ல.

ஜூன் 9

இத்தனையும் எழுதி முடிச்சுட்டு திரும்பப் படிச்சா, எனக்கு உறுத்தறது தேர்தல் இல்ல, ரெண்டாவது தேர்தல். பட்டேல் உள்ள வந்தது முதல் தேர்தல்ல. கெல்லர் கோர்ட்டை பயமுறுத்தினது அடுத்த தேர்தல். பென்சில்வேனியா ஜட்ஜுகளை வச்சுப் பண்ணின ஆராய்ச்சி ஒன்னு இருக்கு, திரும்ப ஓட்டுக்கு நிக்கற நாள் நெருங்க நெருங்க தண்டனை கூடிக்கிட்டே போகுதாம். ஜனவரில திருடினவனுக்கு ஒரு வருஷம், அக்டோபர்ல திருடினவனுக்கு ரெண்டுன்னா அது எந்த ஊரு நியாயம். அப்ப ஒரே தடவை, நீளமா, பன்னெண்டு பதினஞ்சு வருஷம், அதோட முடிஞ்சுது, திரும்ப நிக்கவே கூடாதுன்னு வச்சா? உள்ள வரது ஓட்டோ கமிட்டியோ, அதுல எனக்குப் பெரிய பிடிவாதம் இல்ல. ஜட்ஜே திருடினா விசாரிக்க, ஜட்ஜு இல்லாத ஆளுங்களும் இருக்கற நிரந்தர கமிஷன் வேணும், தீர்ப்புக்காக மட்டும் யாரும் தொடக் கூடாது.

வக்கீல் நண்பர் உடனே ஓட்டை கண்டுபிடிச்சாரு: பதினஞ்சு வருஷம் முடிஞ்சு அவன் எந்தக் கம்பெனில சேருவான்னு பாத்துக்கிட்டே தீர்ப்பு எழுதுவானேன்னு. அதுவும் சரிதான். பென்ஷனை முழுசா குடுத்து வேற வேலைக்குத் தடை போடணும். கவர்னர் பதவி உட்பட, அதை நம்மூர்க்காரங்களுக்காகச் சொல்றேன்.

செப்டம்பர் 6

இழை தூங்கிருச்சுன்னு தெரியும், ஆனா இதைச் சொல்லாம இருக்க முடியல. டெக்சாஸ்ல போன வருஷம் செப்டம்பர்ல புதுசா பிசினஸ் கோர்ட் திறந்தாங்க. கம்பெனிகளுக்குள்ள வர பெரிய கேஸுக்கு மட்டும். நிறைய வகை கேஸுக்கு 10 மில்லியன் டாலர்னு இருந்த வரம்பை இந்த மாசத்துல இருந்து 5 மில்லியனுக்கு இறக்கிட்டாங்க. அந்தக் கோர்ட் ஜட்ஜுக்கு எலெக்‌ஷன் கிடையாது. கவர்னர் நியமிப்பாரு, செனட் சரின்னு சொல்லணும். விவாகரத்து, ஜாமீன், மரண தண்டனை இதெல்லாம் பாக்கற ஜட்ஜை ஜனங்கதான் தேர்ந்தெடுக்கணும், அது ஜனங்க உரிமைன்னு 150 வருஷமா சொல்ற அதே மாநிலம்.

பதவிக்காலம் எவ்ளோ தெரியுமா, ரெண்டே வருஷம். அப்புறம் திரும்ப கவர்னர் மனசு வைக்கணும். நான் பதினஞ்சு வருஷம் கேட்டுக்கிட்டிருக்கேன்.